கார்புரேட்டர் ரேஸ் எஞ்சினில் காற்றுச் சூடும் பெட்ரோல் சூடும்: அளப்பதிலிருந்து ஜெட் மாற்றுவது வரை

ஒரு முழு மதியத்தை இக்னிஷன் காயிலைத் திட்டியே கழித்திருக்கிறேன். காலையில் சிட்டாகப் பறந்த எஞ்சின், வெயில் ஏறியதும் கிளம்பும்போதே தடுமாறியது. இரண்டு மூன்று முறை இருமிவிட்டு, பிறகுதான் பிடித்துக்கொண்டு ஓடியது. பிளக் மாற்றினேன், ஒயர் மாற்றினேன், காயிலையும் மாற்றினேன். எல்லாம் மாறியும் இருமல் மட்டும் மாறவில்லை. கடைசியில் கூட இருந்த ஒருவர், எஞ்சினை அணைத்து ஏர் கிளீனரைக் கழற்றி, கார்ப் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். காற்றுப் பாதைக்குள் பெட்ரோல் வரும் பூஸ்டர் முனையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது, சரியாக மூடாத குழாய் மாதிரி. எஞ்சின் நின்றுவிட்டது, உறிஞ்சுவதற்கு ஆளே இல்லை, இருந்தும் சொட்டுகிறது. கார்பில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌல்மேல் கை வைத்தேன். இரண்டு விநாடிக்குமேல் வைக்க முடியவில்லை. உள்ளே பெட்ரோல் கொதித்துக்கொண்டிருந்தது.

ஃப்யூல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் காற்றுச் சூட்டை அளக்க சென்சார் இருக்கிறது, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. நாஸ்கார் கப் தொடரில் 2011 வரைக்கும் கார்ப்தான் ஓடியது. அங்கே சென்சார் வேலையைக் கையில் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையிட்ட திருகு) பெட்டியோடு நின்ற மனிதர்கள் பார்த்தார்கள். இன்றைக்கும் கார்ட், பழைய ரேஸ் கார், டூ ஸ்ட்ரோக் பைக், ட்ராக் ரேஸ் (நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும் போட்டி) வி8 என்று கார்ப் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அதே வேலைதான்.

இந்த வேலையில் நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றைக் குளிர்வித்தால் சக்தி கூடும். பெட்ரோலைக் குளிர்விப்பதால் கிடைக்கும் சக்தி சொற்பம். அதன் பலன் வேறு, அளவு தவறாமல் இருப்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்துச் செலவு செய்பவர்கள்தான் அதிகம்.

கொஞ்சம் கணக்கு: கார்ப் உண்மையில் எதை அளக்கிறது?

எஞ்சின் இழுப்பது கன அளவை, எரிவது எடை. கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை இருக்கும். 35 டிகிரியில் அது 1.146 கிலோ. பானட்டுக்கு அடியில் 65 டிகிரி வரை சூடான காற்று என்றால் சுமார் 1.04 கிலோதான். சிலிண்டர் அதே அளவுதான், பிஸ்டன் அதே தூரம்தான் போகிறது, ஆனால் உள்ளே வருகிற ஆக்சிஜன் குறைந்துவிட்டது.

அடர்த்தி குறைந்த அதே விகிதத்தில் சக்தியும் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சூடான காற்று மேனிஃபோல்டு சுவரிலிருந்தும் வால்விலிருந்தும் மேற்கொண்டு வாங்கும் சூடு குறைவு. அதில் ஒலியின் வேகமும் கூடுதல் என்பதால் சிலிண்டர் நிரம்புவது கொஞ்சம் மேம்படுகிறது. அதனால்தான் எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் பயன்படுத்தும் எஸ்ஏஇ ஜே1349 திருத்தச் சூத்திரத்தில் வெப்பநிலை வர்க்கமூலமாக வருகிறது. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் அடர்த்தி மூன்று சதவீதத்துக்குமேல் குறையும். சக்தி ஏறத்தாழ 2 சதவீதம் குறையும்.

இனி கலவைக்கு வருவோம். கார்பின் குறுகிய கழுத்தான வென்சுரி வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் இறங்குகிறது. அந்த இறக்கம்தான் ஜெட் வழியாகப் பெட்ரோலைத் தூக்குகிறது. காற்றின் எடை குறைந்தால் அந்த இறக்கமும் குறையும். ஆனால் பெட்ரோல் அந்த இறக்கத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடிதான் குறைகிறது. காற்று 4 சதவீதம் லேசாகும்போது பெட்ரோல் 2 சதவீதம்தான் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 2 சதவீதம் பெட்ரோல் தேவைக்கு அதிகம். ஆக, காற்று சூடானால் கலவை ரிச், அதாவது பெட்ரோல் கூடிய கலவை. காற்று குளிர்ந்தால் லீன், பெட்ரோல் குறைந்த கலவை.

பெட்ரோல் சூடானால் நடப்பது நேர் எதிர். பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் விரிகிறது. 20 டிகிரி சூடேறினால் அடர்த்தி 2 சதவீதம் போகும். ஜெட் வழியே போகும் எடையில் 1 சதவீதம் குறையும். கலவை லீன். அதுவும் முழுதாகத் தெரியாது, ஏனென்றால் சூடான பெட்ரோல் கொஞ்சம் இளகி ஜெட்டில் எளிதாக ஓடும். லேசான பெட்ரோலில் ஃப்ளோட் இன்னும் கொஞ்சம் மூழ்கினால்தான் நீடிலை (பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி) மூடும் என்பதால் பௌலில் மட்டமும் ஒரு மயிரிழை உயரும். திரவமாக இருக்கும்வரை பெட்ரோல் சூடு சின்னப் பிரச்சினைதான். குமிழி வந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

படி 1: நான்கு இடத்தில் சூட்டை அளந்து பாருங்கள்

வெளிக்காற்று (நிழலில்), கார்ப் வாய்க்கு நேர் முன்னால் வரும் காற்று, ஃப்ளோட் பௌல், கார்புக்குக் கீழே மேனிஃபோல்டு. இந்த நான்கும் வேண்டும். வானிலைச் செயலி காட்டும் வெப்பநிலையை வைத்து ஜெட் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கார்ப் அந்தக் காற்றை மூச்சிழுக்கவில்லை.

கார்ப் வாய்க்கு மெல்லிய கே வகை தெர்மோகப்பிள் ஒன்றை ஏர் கிளீனருக்குள் விட்டு, நுனி எந்த உலோகத்தையும் தொடாமல் காற்றில் நிற்கும்படி கட்டுங்கள். உலோகத்தைத் தொட்டால் அது காற்றை விட்டுவிட்டு உலோகத்தை அளக்கும். கட்டிய முனை கழன்று கார்ப் உள்ளே விழாதபடி இரண்டு இடத்தில் கட்டுவது நல்லது.

பௌலுக்கும் மேனிஃபோல்டுக்கும் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும், ஆனால் ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியத்தை அது சரியாகப் படிக்காது. 70 டிகிரியில் இருக்கும் பௌலை 40 என்று கூசாமல் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள், அல்லது மங்கலான கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பொட்டில்தான் அளக்க வேண்டும்.

படி 2: ஒப்பிட ஓர் அடிப்படை ஓட்டம்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் வண்டி இருக்கிற நிலையில் ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்: நேரம், நான்கு வெப்பநிலைகள், காற்றழுத்தம், ஈரப்பதம், ஜெட் எண், டைமிங் (தீப்பொறி பாயும் நேரம்), ஓடிய நேரம், வைட்பேண்ட் சென்சார் (எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது) இருந்தால் அதன் அளவு. ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல் ஊற்றினால் அந்த சென்சார் சீக்கிரம் செத்துவிடும், அதை மனதில் வையுங்கள். சென்சார் இல்லாதவர்களுக்கு பிளக் இருக்கிறது: முழு த்ராட்டிலில் நேர்பாதையின் கடைசி வரை இழுத்து, அங்கேயே கிளட்ச் மிதித்து இக்னிஷனை அணைத்து, ஓசையில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஐட்லில் ஓட்டிக்கொண்டே பிட்டுக்கு வந்து பார்க்கிற பிளக், முழு த்ராட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நோட்டுப் புத்தகம் கறை படிந்து கிழிந்துபோகும் வரை எழுதுங்கள். மூன்று நான்கு நாள் ஓட்டத்துக்குப் பிறகு அந்த நோட்டே உங்களுக்கு எந்தச் சூட்டுக்கு எந்த ஜெட் என்று சொல்ல ஆரம்பிக்கும். நான் கீழே தரும் கணக்கு ஆரம்பப் புள்ளி. நோட்டு சொல்வதே தீர்ப்பு.

படி 3: வெளிக்காற்றை நேராகக் கார்ப் வாய்க்குக் கொண்டு வாருங்கள்

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இந்தப் படிதான். முதல் படியில் எடுத்த அளவில் வெளிக்காற்று 35, கார்ப் வாய் 65 என்று வந்தால், 30 டிகிரி வீணாகப் போகிறது. மேலே சொன்ன சூத்திரப்படி அது சக்தியில் 5 சதவீதத்துக்கும் அதிகம். 200 குதிரைத்திறன் எஞ்சினில் பத்துக்குமேல். காம்ஷாஃப்டில் அந்தப் பத்தைத் தேட எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரேடியேட்டருக்கு முன்னாலிருந்தோ, விண்ட்ஷீல்டின் அடிப்பகுதியிலிருந்தோ, பானட் ஸ்கூப்பிலிருந்தோ காற்று எடுத்து, கார்பைச் சுற்றி நன்றாக மூடிய ஒரு பெட்டிக்குள் விட வேண்டும். ஸ்கூப் வைத்துவிட்டு அடியில் சீல் வைக்காமல் விட்டால், எஞ்சின் இழுப்பது பாதி வெளிக்காற்று, பாதி பானட் சூடு. பெட்டியின் விளிம்பில் நுரைப் பட்டை ஒட்டி, பானட்டை மூடும்போது அது நசுங்குகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் களிமண்ணை விளிம்பில் வைத்து மூடித் திறந்தால் எங்கே இடைவெளி என்று அச்சாகத் தெரியும்.

இன்னொன்று: பெட்டிக்குள் காற்று அழுத்தம் ஏறினால் ஃப்ளோட் பௌலின் காற்றுத் துளையும் அதே பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். வென்சுரிக்கு ஓர் அழுத்தம், பௌலுக்கு வேறோர் அழுத்தம் என்றால் வேகம் கூடக்கூடக் கலவை தானாகவே லீன் ஆகிக்கொண்டு போகும். வேகத்தில் மட்டும் வருகிற இந்தக் கோளாறை ஜெட்டில் சரிசெய்யப் பார்த்தால், மெதுவாகப் போகும்போது ரிச்சாகிவிடும்.

படி 4: கீழிருந்து ஏறும் சூட்டை மறியுங்கள்

கார்ப் உட்கார்ந்திருப்பது அடுப்பின் மேல். சில வி8 மேனிஃபோல்டுகளில் குளிர்காலத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடாவதற்காக எக்ஸாஸ்ட் வாயுவைக் கார்புக்கு அடியில் ஓடவிடும் ஒரு வழி இருக்கும். சாலை வண்டிக்கு அது சரி. ரேஸுக்கு அந்த வழியை கேஸ்கெட்டில் மெல்லிய தகடு வைத்து அடைத்துவிடுவது வழக்கம்.

கார்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே பீனாலிக் (சூட்டை எளிதில் கடத்தாத பிளாஸ்டிக்) ஸ்பேசர் அல்லது தடித்த இன்சுலேட்டர் கேஸ்கெட் போடுங்கள். அலுமினிய ஸ்பேசர் உயரத்தைக் கூட்டும், சூட்டைத் தடுக்காது; இரண்டும் வடிவத்தில் ஒன்றுபோல இருப்பதால் கவனமாக வாங்குங்கள். ஸ்பேசர் உயரத்தால் பானட் இடிக்கிறதா, த்ராட்டில் கேபிளின் கோணம் மாறி முழு த்ராட்டில் திறக்காமல் போகிறதா என்று சரிபார்க்காமல் ஓட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாய் பௌலுக்குப் பக்கத்தில் போனால் நடுவே ஒரு தகடு. அந்தத் தகடு பௌலைத் தொடாமல் காற்று இடைவெளியோடு நிற்க வேண்டும்.

படி 5: டாங்கிலிருந்து பௌல் வரை

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. அதில் 35 டிகிரி சுற்றிலேயே கொதிக்கத் தொடங்கும் லேசான பகுதியும் உண்டு, 200 டிகிரி வரை தாங்கும் கனமான பகுதியும் உண்டு. வெளியே 40 டிகிரி, பௌல் 55 டிகிரி என்றால் லேசான பகுதி ஏற்கெனவே கிளம்பத் தயார். குளிர் நாடுகளில் பெட்ரோல் பங்குகளில் விற்கும் குளிர்காலப் பெட்ரோலில் இந்த லேசான பகுதி வேண்டுமென்றே அதிகம். அதை எதிர்பாராத வெயில் நாளில் ஊற்றி மாட்டிக்கொள்கிறவர்கள் அங்கே நிறைய. நல்ல ரேஸ் பெட்ரோலின் ஆவியழுத்தம் பொதுவாகக் குறைவாக இருக்கும். ஆவியழுத்தத்தை 37.8 டிகிரியில் அளப்பது வழக்கம். டின்னிலோ விவரத்தாளிலோ அந்த எண் இருந்தால் பாருங்கள்.

பம்பின் உறிஞ்சும் பக்கம்தான் பலவீனமான இடம். உறிஞ்சும்போது அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. எஞ்சின் பிளாக்கில் பொருத்திய மெக்கானிக்கல் பம்ப் சூட்டிலும் இருக்கிறது, தூரத்திலிருந்து உறிஞ்சவும் செய்கிறது. மின் பம்பை டாங்குக்குப் பக்கத்தில், டாங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழேயோ வைத்து முன்னால் தள்ளவிட்டால் ஆவிப்பூட்டு (லைனில் ஆவி அடைத்துப் பெட்ரோல் வராமல் போவது) பெரும்பாலும் ஓடிப்போகும். பல ரேஸ் கார்ப்களுக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். அதற்குமேல் ஏற்றினால் நீடில் பிடிக்காது. ஒளி ஊடுருவும் ஃபில்டர் ஒன்று லைனில் இருந்தால், சூடான எஞ்சினில் அதைப் பாருங்கள்: சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக ஓடினால் பதில் கண் முன்னாலேயே இருக்கிறது.

கார்ப் அருகிலிருந்து டாங்குக்குத் திரும்பும் லைன் வைத்தால் பெட்ரோல் சூடான இடத்தில் தேங்கி நிற்காது. ஆனால் நீண்ட ரேஸில் அந்தச் சூட்டை எல்லாம் டாங்கில் கொண்டுபோய்க் கொட்டும். அரை டாங்குக்குக் கீழே போன பிறகு டாங்கையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இனி ட்ராக் ரேஸ்காரர்களின் பழைய கூல் கேன்: ஒரு டப்பாவுக்குள் சுருட்டிய பெட்ரோல் குழாய், சுற்றிலும் ஐஸ். வெறும் ஐஸ் கட்டி போட்டால் குழாயை அது அங்கங்கேதான் தொடும். தண்ணீர் ஊற்றி ஐஸ் போட்டால்தான் சூடு நன்றாக இறங்கும். இது எவ்வளவு சக்தி தரும்? கணக்குப் போடலாம். பெட்ரோலை 20 டிகிரி குளிர்வித்தால் ஒரு கிலோவிலிருந்து சுமார் 42 கிலோஜூல் வெப்பம் எடுக்கிறோம். ஒரு கிலோ பெட்ரோலோடு கிட்டத்தட்ட 12.8 கிலோ காற்று போகிறது. அந்தக் குளிர்ச்சியைக் காற்று முழுதாக வாங்கிக்கொண்டாலும் 3 டிகிரிதான் குறையும்; சக்தியில் அரை சதவீதம். பெட்ரோல் ஆவியாகும்போது எடுக்கும் வெப்பமோ கிலோவுக்குச் சுமார் 350 கிலோஜூல். அதற்குமுன் 42 எம்மாத்திரம்? கூல் கேனுக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது குமிழி வராமல் காப்பதும், காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் பெட்ரோல் ஒரே சூட்டில் இருக்கச் செய்வதும்தான்.

விதிப் புத்தகத்தையும் பாருங்கள். ஃபார்முலா ஒன்னில் பல ஆண்டுகளாக, காரில் உள்ள எரிபொருள் வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்குமேல் குளிர்ந்திருக்கக் கூடாது என்றே விதி இருந்தது. உங்கள் போட்டியிலும் ஒரு வரி இருக்கலாம்.

படி 6: ஜெட் கணக்கு

ஓர் உதாரணம். காலையில் கார்ப் வாயில் 20 டிகிரி, பௌல் 22. கலவை 12.8-க்கு 1. மெயின் ஜெட் துளை 1.50 மி.மீ. மதியம் கார்ப் வாயில் 42, பௌல் 40.

காற்று: 20 டிகிரி என்பது கெல்வினில் 293, 42 என்பது 315. 315-ஐ 293-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.037. அதாவது 3.7 சதவீதம் ரிச். பெட்ரோல்: 18 டிகிரி சூடேறியிருக்கிறது; அடர்த்தி 1.8 சதவீதம் குறைவு, அதில் பாதி 0.9 சதவீதம் லீன். கழித்தால் 2.8 சதவீதம் ரிச். கலவை 12.8-இலிருந்து 12.45-க்கு வந்திருக்கும்.

ஜெட் பரப்பை 2.8 சதவீதம் குறைக்க வேண்டும். பரப்பு விட்டத்தின் வர்க்கம் என்பதால் விட்டத்தில் 1.4 சதவீதம் போதும்: 1.48 மி.மீ. ஜெட் மேல் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்; சில தயாரிப்புகளில் அது விட்டம், சிலவற்றில் ஓட்ட அளவு. இரண்டு கம்பெனி ஜெட்டை ஒரே பெட்டியில் போட்டுக் கலந்துவிட்டால் பிறகு தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்ரோலில் ஓடும் எஞ்சினுக்கு அதிக சக்தி பொதுவாக 12.5 முதல் 13 வரையில் கிடைக்கிறது, அந்த வளைவின் உச்சி மிகவும் தட்டையானது. 12.8-இலிருந்து 12.45-க்கு வந்ததால் போன சக்தி கண்ணுக்கே தெரியாது. அந்த 22 டிகிரியால் அடர்த்தி குறைந்ததில் போன 4 சதவீத சக்தியை எந்த ஜெட்டும் திருப்பிக் கொடுக்காது. “மதியம் வண்டி இழுக்கவில்லை” என்று ஜெட்டைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் இல்லாத ஒன்றைத் தேடுகிறார்கள். அவர்கள் தேடும் 4 சதவீதம் மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும்தான் இருக்கிறது.

ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. வெயில் மதியத்தில் சரிசெய்த ஜெட்டோடு மறுநாள் விடியற்காலைக் குளிரில் முழு த்ராட்டில் கொடுத்தால் கலவை லீன். ஃபோர் ஸ்ட்ரோக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த காற்றும் சூடான பௌலும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும், அது இன்னும் மோசம். சந்தேகம் இருந்தால் முதல் ஓட்டத்துக்கு ஒரு அளவு பெரிய ஜெட் போட்டுத் தொடங்குங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் விகிதத்தைக் கூட்டினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். பாதுகாப்புக்கு என்று ஆயிலைக் கூட்டி, ஜெட்டை மாற்றாமல் லீன் ஆக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஈரப்பதம் பற்றி ஒரு வார்த்தை. 35 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால், காற்றழுத்தத்தில் சுமார் 4.5 கிலோபாஸ்கல் வெறும் நீராவி. கடல்மட்ட அழுத்தம் 101.3 என்பதால் எஞ்சின் இழுக்கும் காற்றில் 4 சதவீதத்துக்குமேல் எரிப்புக்கு உதவாது. வெப்பநிலையை மட்டும் குறித்துக்கொண்டு ஈரப்பதத்தை விட்டுவிட்டால், கடலோர ஓடுதளத்தில் நோட்டுக் கணக்கு பொருந்தாது.

டைமிங்கையும் இதே கையோடு பாருங்கள். காற்று சூடானால் சுருக்கத்தின் கடைசியில் கலவையின் சூடும் கூடும், நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) அருகில் வரும். காலையில் எல்லையில் வைத்த டைமிங்கை மதியத்தில் ஒன்றிரண்டு டிகிரி பின்னால் இழுப்பது பிஸ்டனுக்குச் செய்யும் உபகாரம்.

படி 7: இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே

எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் ஓடாது, காற்று ஓடாது, சூடு மட்டும் மேலேறிக்கொண்டே இருக்கும். பௌல் உச்சச் சூட்டுக்குப் போவது ஓடும்போது அல்ல; அணைத்துப் பல நிமிடம் கழித்து. என் காயில் கதை அங்கேதான் நடந்தது.

ஒரு 200 குதிரைத்திறன் எஞ்சின் முழு த்ராட்டிலில் விநாடிக்குச் சுமார் 17 மில்லிலிட்டர் பெட்ரோல் குடிக்கும். பௌல்களில் மொத்தம் 200 மில்லி இருந்தால், அது தீர ஏறத்தாழ 12 விநாடி. சர்க்யூட் ரேஸில் முதல் சுற்றின் பாதியிலேயே புதுப் பெட்ரோல் வந்துவிடும், பிரச்சினை மறந்துபோகும். கால் மைல் ட்ராக் ரேஸில் பெரும்பகுதி ஓட்டம் அந்தக் கொதித்த பெட்ரோலிலேயே முடிந்துவிடும். ட்ராக் ரேஸ்காரர்கள் பெட்ரோல் சூட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது அதனால்தான்.

செய்ய வேண்டியது: பிட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறங்கள். பௌலையும் மேனிஃபோல்டையும் நோக்கி ஒரு மின்விசிறி. மேனிஃபோல்டின் மேல் ஐஸ் பை வைப்பதும் பழைய பழக்கம்தான், பலனும் உண்டு. கார்ப் வாயை மூடி, உருகும் தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒழுகாமல் துணி சுற்றிச் செய்யுங்கள். மறுபடி கிளப்பும்போது ஆக்ஸிலரேட்டரைப் பம்ப் பண்ணாதீர்கள். மேனிஃபோல்டில் ஏற்கெனவே சொட்டிய பெட்ரோல் இருக்கிறது. த்ராட்டிலை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள், உள்ளே இருப்பது வெளியேறும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் பௌல் பொட்டில் ஒருமுறை அளந்து, ஒரே சூட்டில் கிளம்புவதைப் பழக்கமாக்குங்கள். 30 டிகிரி ஒருமுறை, 50 டிகிரி ஒருமுறை என்று ஓடுவதைவிட எப்போதும் 40-ல் ஓடுவது மேல்.

படி 8: எவ்வளவு குளிர்ச்சி அதிகம்?

பெட்ரோல் சிலிண்டருக்குப் போகும் வழியில் ஓரளவாவது ஆவியாக வேண்டும். எல்லாம் ஐஸாக இருந்தால் துளிகள் மேனிஃபோல்டு சுவரில் படிந்து ஓடும். ஒரு சிலிண்டருக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு. த்ராட்டிலைத் திடீரென்று திறந்தால் காற்று முந்தும், பெட்ரோல் பின்தங்கும். சராசரிக் கலவை சரியாகக் காட்டினாலும் பிளக்குகள் ஆளுக்கொரு நிறத்தில் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஆயிலையும் தண்ணீரையும் சூடாக்காமல் ஓட்டுவது இதில் சேர்த்தி இல்லை. குளிர்ந்திருக்க வேண்டியது உள்ளே வரும் காற்று, ஆயில் அல்ல.

ஈரமான குளிர் நாளில் கார்ப் வாயில் பனிக்கட்டியும் பிடிக்கும். ஆவியாகும் பெட்ரோல் அந்த இடத்தை 20 டிகிரிக்குமேல் இறக்கிவிடக் கூடும், எனவே வெளியே 10, 15 டிகிரி இருந்தாலே போதும். கிளம்புகிற கோட்டில் ஐட்லில் காத்திருக்கும்போது த்ராட்டில் தட்டு ஒட்டிக்கொள்வது இதனால்தான். முழு த்ராட்டிலில் ஓடும்போது இது அபூர்வம்.

குளிர்ச்சி எப்போதும் நல்லது என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். 1988-ல் 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற மெக்லாரன் காரில் இருந்த ஹோண்டா ஆர்ஏ168இ டர்போ எஞ்சின், 84 சதவீதம் டொலுயீன் கலந்த எரிபொருளில் ஓடியது. டொலுயீன் எளிதில் ஆவியாகாது. அதனால் அவர்கள் எரிபொருளைச் சுமார் 80 டிகிரி வரை சூடாக்கி உள்ளே விட்டார்கள். அது அழுத்தத்தில் ஓடும் இன்ஜெக்ஷன், கொதிக்கும் பயம் இல்லை. திறந்த பௌல் இருக்கும் கார்பில் இதை முயன்று பார்க்க வேண்டாம். பெட்ரோலைச் சூடாக்குகிற எந்த யோசனையும் பிட்டில் வேண்டாம்.

மெத்தனால், எத்தனால் ஊற்றுகிறவர்களுக்கு

இங்கே விளையாட்டே வேறு. மெத்தனால் ஆவியாக ஒரு கிலோவுக்குச் சுமார் 1,100 கிலோஜூல் வேண்டும், பெட்ரோலைவிட மூன்று மடங்கு. அதோடு முழு எரிப்புக்குப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்குதான், எனவே ஊற்றும் அளவும் இரண்டு மடங்குக்குமேல். இரண்டும் சேர்ந்து உள்ளே வரும் காற்றை அவ்வளவு குளிர்விக்கும். சூடான நாளில் மெத்தனால் எஞ்சினின் மேனிஃபோல்டு வெளியே வியர்த்துச் சொட்டுவதைப் பார்க்கலாம். எத்தனால் இரண்டுக்கும் நடுவே: 9 பங்கு காற்று, சுமார் 900 கிலோஜூல்.

இதனால் வெளிக்காற்றின் சூடு மெத்தனால் எஞ்சினைப் பெட்ரோல் எஞ்சின் அளவுக்குப் பாதிக்காது. பௌல் சூட்டை மட்டும் கண்காணியுங்கள்: மெத்தனால் 64.7 டிகிரியில் ஒரே அடியாகக் கொதிக்கும். பெட்ரோல் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி எச்சரிக்கை கொடுக்காது. குளிர் காலையில் கிளப்புவதும் பாடுதான். பலர் கார்ப் வாயில் கொஞ்சம் பெட்ரோல் பீச்சித்தான் கிளப்புகிறார்கள். வைட்பேண்டில் விகிதத்தைப் பார்க்காமல் லாம்டாவை (முழு எரிப்புக்குத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட அளவு) பாருங்கள், இல்லாவிட்டால் எண் குழப்பும்.

மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டின்னைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் அது வேறு எரிபொருள். ஓட்டம் முடிந்த நாளிலேயே பௌலையும் லைனையும் காலி செய்து, பெட்ரோலில் ஒருமுறை ஓட்டிக் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்து ஜெட்டை அடைக்கும். அதன் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பிட்டில் யாராவது காரணமே தெரியாமல் கையை உதறினால் தீயாக இருக்கலாம். மெத்தனால் தண்ணீரில் கரையும் என்பதால், நிரப்பும் இடத்தில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும்.